குறிப்பேடு மட்டும் போதுமா?

பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். சங்க இலக்கியத்தின் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். மருத்துவமனையிலே இரவு பகலாக நிற்கிற சகோதரியையும் நாம் இன்று செவிலி என்றே அழைக்கிறோம். காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிற செவிலிமேட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். 2011இல் காஞ்சி நகராட்சியோடு சேர்ந்து, 2021இல் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட அந்த ஊரின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது.

செவிலியர் பயிற்சிக்குப் போகிற பெண், நோயாளியின் கையைத் தொடாமல், புண்ணைக் கழுவிக் கட்டாமல், வார்டிலே கண் விழிக்காமல் சான்றிதழ் வாங்கிவிட முடியுமா? முடியாது. ஐ.டி.ஐ.யிலே ஃபிட்டர் படிக்கிற பிள்ளை அரத்தைப் பிடிக்காமல் தேறிவிட முடியுமா? முடியாது. ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போனால்கூட, 'எட்டு' போட்டுக் காட்டு என்கிறார்கள். ஆனால் மக்களின் துயரத்தோடு பழகுவதையே தொழிலாகக் கற்க வருகிறார்களே சமூகப் பணி மாணவர்கள், எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்கள், அவர்களுக்கு மட்டும் என்ன சோதனை? எத்தனை பக்கம் எழுதினாய் என்ற சோதனை!

ஏற்பாட்டை ஏட்டிலே படித்தால் குறை சொல்ல இடமில்லை. இரண்டாண்டுப் படிப்பு. பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில்லை, களப்பணி. மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், குடிசைப் பகுதி, தொழிற்சாலை என்று ஏதாவது ஓரிடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருவர் மேற்பார்வை. கல்லூரியிலே ஓர் ஆசிரியர் மேற்பார்வை. அந்த ஆசிரியர் வாரம் ஒருமுறை மாணவனோடு உட்கார்ந்து, கண்டது என்ன, செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்று பேச வேண்டும். பிறகு கிராம முகாம்; முடிவில் சில வாரங்கள் தொடர்ந்த பயிற்சி. அமெரிக்காவின் சமூகப் பணிக் கல்விக் குழு, களப்பயிற்சிதான் இந்தக் கல்வியின் முத்திரை என்று 2008இல் தன் கொள்கையிலேயே எழுதி வைத்தது. முத்திரை சரி. அந்த முத்திரை விழுகிற இடம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வாருங்கள், செவிலிமேட்டுக்கே போவோம். தறி ஓடுகிற ஒரு வீட்டுக்குள் ஒரு மாணவி நுழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையிலே குறிப்பேடு. கழுத்திலே கல்லூரி அட்டை. தறிக்குழியிலே காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார் நெசவாளி. "ஐயா, வணக்கம். குடும்பத்திலே எத்தனை பேர்? மாத வருமானம் எவ்வளவு? என்னென்ன பிரச்சினைகள்?" என்று கேட்கிறாள். அவர் நாடாவை நிறுத்தாமலே, "ஏதோ ஓடுதும்மா" என்கிறார். அவள் எழுதிக்கொள்கிறாள்: வருமானம் குறைவு, விழிப்புணர்வு இல்லை. முடிந்தது களப்பணி! பக்கம் நிரம்பியது, மதிப்பெண் வந்தது. நெசவாளிக்கு என்ன வந்தது? கால்மணி நேரக் கூலி போனது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நேரம்தானே பணம்!

அதே மாணவிக்குக் கைத்திறன் தெரிந்தவர் ஒருவர் வழிகாட்டியிருந்தால் எப்படி நுழைந்திருப்பாள்? நின்றுகொண்டு கேட்டிருக்கமாட்டாள். குழித்தறிக்காரர் தரைமட்டத்தில் இருக்கிறார். அவரைத் தலை நிமிர்த்திப் பேச வைப்பதே அவமரியாதை. பாய் இருந்தால் பாய், இல்லாவிட்டால் தரை, உட்கார்ந்திருப்பாள். வருமானத்தைக் கேட்டிருக்கமாட்டாள். "இந்தப் பாவிலே இது எத்தனையாவது சேலைங்க?" என்று கேட்டிருப்பாள்.

அந்த ஒரு கேள்வியிலே எவ்வளவு இருக்கிறது தெரியுமா, தோழர்களே! காஞ்சிப் பட்டிலே ஒரு பாவுக்குப் பெரும்பாலும் மூன்று சேலை. மூன்றாவது சேலை ஓடுகிறது என்றால், அடுத்த பாவு எப்போது வரும் என்ற கவலை அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். பாவு வர நாளானால் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் அடுப்பு யோசிக்கும். அடுத்த கேள்வி: "பாவு சங்கத்திலேயா, முதலாளிகிட்டேயா?" கூட்டுறவுச் சங்கம் என்றால் ஒரு கணக்கு. தனியார் முதலாளி என்றால், முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற கதை தானாகவே வெளியே வரும். 'மாத வருமானம்' என்ற கட்டத்துக்குள் அடங்காத உண்மை அது. தறியைப் பற்றிப் பேசினால் நெசவாளி தன்னைப் பற்றிப் பேசுவார். அவரைப் பற்றிக் கேட்டால் அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். காஞ்சிச் சேலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே பிணைப்பது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளியின் இரண்டு கை போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்திலே உட்கார வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்திலே உட்கார்ந்தது யார்? பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை! 2003இல் 'மனித உரிமைக் கண்காணிப்பகம்' என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அதிலே காஞ்சிபுரமும் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல். சட்டம் இருந்தது, பிள்ளையும் தறியிலே இருந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுத்தான் அந்தக் கூட்டத்தைக் குறைக்க முடிந்தது.

"உங்கள் பிள்ளை வேலை செய்கிறதா?" என்று கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? "சும்மா கூடமாட உதவி" என்பாள். பொய்யும் அல்ல அது. அவள் கண்ணுக்கு அது வேலையே அல்ல, வீட்டு வழக்கம். ஆனால் கோர்வை தெரிந்த மாணவி கேள்வியே கேட்க வேண்டியதில்லை. தறியிலே ஓடுவது கோர்வைச் சேலை. மனைவி திண்ணையிலே தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் மூன்றாவது நாடாவைத் தள்ளுவது யார்? அந்த வெற்றிடத்தைப் பார்க்கத் தெரிந்த கண், பயிற்சியால் வரும் கண். புத்தகத்திலே வராது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? அங்கேதான் உண்மையான சோதனை. உடனே 1098க்கு ஓடுவதா? தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா? முன்பணக் கடனை யார் அடைப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியிலே எந்த வகுப்பில் சேர்ப்பது, தறிக்கு உதவியாள் யார்? இத்தனைக்கும் ஒரு வழி சொல்லாமல் பிள்ளையை மட்டும் எழுப்பினால், அது மறுவாரமே வேறொரு தறிக்குப் போய்விடும். இருபத்திரண்டு வயதுப் பெண் இதைத் தனியாக முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பக்கத்திலே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எங்கே என்பதுதான் நமது வழக்கு.

உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள், அண்ணா பிறந்த காஞ்சியிலேயே கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 இலட்சம் பேர். தொடக்கத்தில் கிடைத்தவர்கள் 1 கோடியே 6 இலட்சத்துக்கு மேல். நாம் மார்தட்டிக்கொள்ளும் திட்டம்தான். ஆனாலும் கிடைக்காதவர்களின் தொகை சிறியதா? அவர்களுக்கு, காரணத்தைக் கைப்பேசியிலே சொல்லி, முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். வழி திறந்திருந்தது. அந்த வழியிலே கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் இருந்தார்களா?

தகுதி விதிகளிலே ஒன்று: குடும்பம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கக் கூடாது. சரியான விதிதான், குளிர்சாதன அறையிலே தூங்குகிறவருக்கு எதற்கு ஆயிரம்? ஆனால் ஒரே மீட்டரிலே மூன்று குடித்தனம் இருக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். ஏழை மூவரின் விளக்கும் விசிறியும் சேர்ந்து ஒரு பணக்காரனின் கணக்காகிவிடும்! "உங்களுக்கு ஏன் வரவில்லை, விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாணவிக்கு இது தெரியாது. பயிற்சி பெற்றவள் முதலில் வாசலுக்கு வந்து மீட்டரை எண்ணுவாள். எத்தனை மீட்டர், எத்தனை அடுப்பு? பிறகு கைப்பேசியில் வந்த செய்தியைப் படிப்பாள். வாடகை ரசீதோ, வீட்டுக்காரர் கடிதமோ, குடும்ப அட்டையோ எது கிடைக்குமோ அதைத் தேடுவாள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆனதே, அது இந்த வீட்டுக்குப் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்பாள். மனுவின் நகலை வைத்துக்கொள்வாள். ஒப்புகை எண்ணை வாங்காமல் சன்னலை விட்டு நகரமாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, "வாங்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கமாட்டாள். கொடுக்கும் அதிகாரம் அவளிடம் இல்லையே! "கேட்டுப் பார்ப்போம், அடுத்த வாரம் இதே நாள் வருவேன்" என்பாள், சொன்ன நாளிலே வருவாள். வராமல் போனால் அடுத்த ஆண்டு வருகிற மாணவிக்கும் அந்தக் கதவு திறக்காது.

இவையெல்லாம் சில்லறை வேலைகள், பட்டப்படிப்புக்கு அழகல்ல என்று சில மேதாவிகள் முகம் சுளிக்கலாம். நாம் சொல்லுகிறோம், இதுதான் தொழில்! மேடையிலே கோட்பாடு பேசுவதற்கு நாங்கள் இருக்கிறோம், அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. வேண்டியதில்லை.

இந்தக் கல்வி பிறந்த கதையும் அதைத்தான் சொல்லுகிறது. இலண்டனின் கிழக்குக் கோடியில், ஏழைகளின் நடுவிலே, 1884இல் டொயின்பி ஹால் எழுந்தது. படித்த இளைஞர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஹல் ஹவுசைத் தொடங்கினார். பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களின் பகுதியிலே, அவர்களின் அண்டை வீட்டுக்காரராகவே வாழ்ந்தார். நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார் 1897இல் குரல் கொடுத்தார். மறு ஆண்டே நியூயார்க்கிலே கோடைகாலப் பள்ளி தொடங்கியது. இந்தியாவிலே முதல் பள்ளி 1936இல் பம்பாயில், டாடா பெயரால் வந்தது. சென்னைக்கு 1952இல் வந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் உருவான சென்னை சமூகப்பணிப் பள்ளி அது. சீமான் வீட்டுச் சீமாட்டிகள் பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற தருமத்தை நாம் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறோம். அந்த அம்மையாரோ தருமத்தோடு நின்றுவிடாமல், தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தையும் கட்டினார். அதைச் சொல்லாமலிருப்பது நியாயமல்ல.

பம்பாய்ப் பள்ளி களத்தை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு இரண்டு சாட்சி. 1984இல் அந்தக் கல்விக்கூடம் சமூகப் பணியாளர்களைப் போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார வைத்தது. அடிபட்டு வருகிற பெண் போலீசிடம் பேச நடுங்குகிறாளே, அவளுக்காகச் சிறப்புப் பிரிவு. 1996இல் அதே கல்விக்கூடத்தின் களத் திட்டமாகத்தான் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி பிறந்தது. 2023இல் அதன் பொறுப்பு அரசுகளின் கைக்கு வந்தது. படிப்புக்காகக் களத்துக்குப் போனவர்கள், களத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். நம் ஊர்த் தெருவுக்கு வந்துபோகிற மாணவர்கள் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள்? விழிப்புணர்வுப் பேரணியின் அட்டைகளை!

மாணவர்கள்மீது பழிபோட நாம் எழுதவில்லை. அனுப்புகிற இடத்திலே அவர்களுக்குக் கிடைக்கிற வேலை என்ன? நாற்காலி எடுத்துப் போடு. விழாவுக்கு ஆள் சேர். பட்டியலைக் கணினியில் ஏற்று. படத்துக்கு நில். கூலியில்லாத எடுபிடி! நல்ல நிறுவனங்கள் இல்லையென்று சொல்லவில்லை, இருக்கின்றன. ஆனால் அது அந்த மாணவனின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா?

உழைக்கும் தோழர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுக் கவனிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், ஆலையிலே தொழில் பழகுகிற பையனுக்கு உதவித்தொகை தரவேண்டும் என்கிறது. பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை உண்டு. சமூகப் பணி மாணவனுக்கு? பெரும்பாலும் ஒன்றுமில்லை, போகவர பஸ் காசும் அவன் கைக்காசு, சாப்பாடும் அவன் செலவு. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணத்தால் மாணவிகளுக்கு நகரப் பேருந்திலே ஒரு சுமை இறங்கியது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? இன்று பெரும்பகுதி நம் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வறுமையைப் பற்றி அறிய அவர்களைக் களத்துக்கு அனுப்புகிறோம். அதற்கான கட்டணத்தையும் அவர்களிடமே வசூலிக்கிறோம். வேடிக்கையாக இல்லையா? களநாளுக்கு ஒரு தொகை வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, பழகுநரின் உரிமை.

மொழிக்கு வருவோம். நெசவாளியின் மனைவி தமிழிலே அழுகிறாள். மாணவி தமிழிலே கேட்கிறாள், தமிழிலே தேற்றுகிறாள். அறையிலே போய் உட்கார்ந்து எழுதுவது? பெரும்பாலும் ஆங்கிலத்திலே! "என் வயித்தெரிச்சலை யாருகிட்டே கொட்டுவேன்" என்று அந்த அம்மாள் சொன்னது, அறிக்கையிலே நோய்ப்பெயர் போல நாலெழுத்து ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. யார் மீது எரிச்சல், மாமியார் மீதா, முதலாளி மீதா, சாராயத்தின் மீதா? எல்லாம் அந்த மொழிபெயர்ப்பிலே காணாமற்போகும். ஆசிரியர் படிப்பது அந்தச் சக்கையைத்தான். அதை வைத்து என்ன வழிகாட்டுவார்? கேட்டதைக் கேட்டபடி, கேட்ட மொழியிலே எழுதுவது ஒரு திறன். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். வெளியுலகத்துக்குச் சன்னல் அது. ஆனால் செவிலிமேட்டுத் தறி வீட்டுக்கு நுழையச் சன்னல் எதற்கு, கதவு இருக்கும்போது?

ஆசிரியரைப் பற்றியும் சொல்லிவிடுவோம். செவிலிமேட்டிலே சாலைக்கிணறு என்று ஒன்றிருக்கிறது. இராமானுசர் அந்தக் கிணற்றிலிருந்து நாள்தோறும் வரதராசர் கோயிலுக்குத் தண்ணீர் சுமந்தார் என்று வைணவர்கள் சொல்லுகிறார்கள். வேடனாக வந்த கடவுள், வேடச்சியாக வந்த தாயார், அந்தப் பகுதியெல்லாம் பக்தர்களுக்கு இருக்கட்டும், நாம் பகுத்தறிவுக்காரர்கள். ஆனால் அந்தக் கதையிலே ஒரு செய்தி நமக்குப் பிடிக்கும். தண்ணீர் சுமக்கச் சொன்னவர் திருக்கச்சி நம்பி, பார்ப்பனர் அல்லாதவர். வேதம் படித்த இளைஞன் வந்து வழி கேட்டபோது, அவர் சுவடியைக் கொடுக்கவில்லை, குடத்தைக் கொடுத்தார்! களப் பயிற்சிக்கு இதைவிடப் பழைய சான்று காஞ்சியிலே ஏது? அந்த நம்பி வீட்டுக்கு வந்து உண்டு போனதும், இராமானுசரின் மனைவி இடத்தைக் கழுவித் தலைமுழுகினாள் என்பதும் அதே கதையிலே வருகிறது. இன்றைக்கும் சேரிக்குப் போகிற மாணவனுக்கு முதற்பாடம் அங்கேதான். கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறானா, பாட்டிலைத் திறக்கிறானா? அந்த வீட்டார் அவன் குறிப்பேட்டைப் பார்க்கமாட்டார்கள், தம்ளரைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே ஆசிரியர் களத்துக்கு வரவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தாரோடு தேநீர் குடித்துவிட்டுப் போவதற்கு அல்ல. மாணவியோடு தறி வீட்டிலே உட்கார்ந்து, ஒரு முறை தான் பேசிக் காட்ட வேண்டும். அடுத்த முறை அவளைப் பேசவிட்டுத் தான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வந்து, நீ இந்த இடத்திலே அவசரப்பட்டாய், அந்த அம்மாள் சொல்ல வந்ததை நீயே முடித்துவிட்டாய் என்று சொல்ல வேண்டும். நெசவாளி தன் மகனுக்கு நாடா எறியக் கற்றுக்கொடுப்பது அப்படித்தானே? தூரத்திலிருந்து கட்டுரை எழுதியா கற்றுக்கொடுக்கிறார்? ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று கட்டிவிட்டால் அவரால்தான் எப்படி முடியும் என்பதும் உண்மை. அப்படியானால் ஆசிரியர் இடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்போம். அதற்கும் நாம் தயார்.

"இதென்ன பெரிய படிப்பு? மனு எழுதுவதும் ஆபீசுக்கு அலைவதும் கழகத்திலே நாங்கள் செய்கிறதுதானே?" என்று ஒரு தோழர் கேட்பது நம் காதிலே விழுகிறது. செய்கிறோம், மறுக்கவில்லை. 1953இல் நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அண்ணா முதல் கடைக்கோடித் தொண்டன்வரை கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றது இந்த இயக்கம். அண்ணாவே இளமையில் சிலகாலம் காஞ்சி நகராட்சியிலே எழுத்தராக வேலை பார்த்தவர். மனு கொடுக்கிறவனின் முகம் சன்னலுக்கு உள்ளேயிருந்து எப்படித் தெரியும் என்று அறிந்தவர். நம் படிப்பகங்களிலே பேப்பர் படிக்க வந்தவர்களைவிட மனு எழுத வந்தவர்கள் குறைவல்ல. ஆனாலும் தோழரே, குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றிப் புகார் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் போய் அதட்டிவிட்டு வருகிறோம். அன்றிரவு அந்தப் பெண்ணின் கதி என்ன என்று நினைத்திருக்கிறோமா? நாம் உதவினால் ஓட்டு ஞாபகம் வரும், உதவி பெற்றவருக்கும் வரும். மாணவிக்கு அந்தச் சுமை இல்லை. ஒருத்தி சொன்ன இரகசியத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாமலிருக்கவும், மனம் உடைந்தவன் சாவைப் பற்றிப் பேசும்போது பதறாமல் கேட்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தெரு நமக்குத் தெரியும். தொழில் அவளுக்குத் தெரிய வேண்டும்.

அதனால் செவிலிமேட்டுத் தோழர்களுக்கு, பிள்ளையார்பாளையத்துத் தோழர்களுக்கும்தான், ஒரு வேண்டுகோள். களப்பணி மாணவர்கள் வந்தால் பொன்னாடை வேண்டாம், படம் வேண்டாம். படிப்பகத்திலே ஒரு மேசையும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். எந்த வீட்டிலே பாவு வந்து எத்தனை நாளாயிற்று, எந்த வீட்டிலே ஒரு மீட்டருக்கு எத்தனை குடித்தனம் என்று உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள். அமாவாசைக்குத் தறி ஓயும் வீடு என்றால் அந்த நாளுக்கு வரச் சொல்லுங்கள், பேச நேரமிருக்கும். தறி வீட்டு வாசல்வரை அழைத்துப் போங்கள், அங்கேயே நின்றுவிடுங்கள். நீங்கள் உள்ளே வந்தால் அந்த அம்மாள் வாய் திறக்கமாட்டார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலே, மனுவோடு அவரும் மாணவியும் கலெக்டர் அலுவலகத்துக்கு வரும்போது, எந்த வரிசை என்று மட்டும் காட்டுங்கள். பேச வேண்டியதை அந்த அம்மாளே பேசட்டும்.